‘பாத்தாச்சு’ சுந்தரபாண்டி

பாத்தாச்சுக்காரர் என்று ஓர் இனம் உண்டு. உங்கள் தெருவில் ஒருவராவது இருப்பார். அலுவலகம் என்றால் இரண்டு பேர். கல்யாண வீட்டில் பந்திக்கு நாலு பேர் தேறுவார்கள். ஊருக்குப் புறப்படும்போது கேஸை மூடினீர்களா என்று கேளுங்கள், பாத்தாச்சு என்பார். டிக்கெட்டில் தேதி சரிதானா என்று கேளுங்கள், பாத்தாச்சு. மாமனாரின் ஸ்கேன் ரிப்போர்ட், மனை வாங்குகிற பத்திரம், பள்ளிக்கூடத்திலிருந்து வந்த சுற்றறிக்கை, எதை நீட்டினாலும் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, தாளை ஒரு முறை முன்னும் ஒரு முறை பின்னும் திருப்பி, கடைசிப் பக்கத்தின் கீழ் மூலையை மட்டும் சற்று உற்றுப் பார்த்துவிட்டு, ஒரு பெருமூச்சோடு திருப்பித் தருவார். பாத்தாச்சு. அவ்வளவுதான், வேலை முடிந்தது.

இவரைப் பொய்யர் என்று நினைத்துவிடாதீர்கள். பொய் சொல்கிறவனுக்கு உண்மை இன்னதென்று தெரிந்திருக்க வேண்டும். நம்மவருக்கு அந்தத் தொந்தரவெல்லாம் கிடையாது. பார்த்துவிட்டதாக அவர் மனசார நம்புகிறார். கண் திறந்திருந்தது, தாள் எதிரே இருந்தது, வெளிச்சமும் இருந்தது. இதற்கு மேல் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது, சொல்லுங்கள்?

இந்த இனத்தின் முழு வளர்ச்சி பெற்ற மாதிரி ஒன்றைக் காண ஆசையிருந்தால் விருதுநகருக்கு வாருங்கள். பஜாரை ஒட்டிய சந்தில், கீழே எண்ணெய்க் கடையும் மேலே கம்ப்யூட்டர் கம்பெனியுமாக ஒரு கட்டிடம். படியேறும்போதே நல்லெண்ணெய் மணக்கும். மேலே பதினோரு பேர் உட்கார்ந்து சிவகாசிப் பட்டாசுக் கம்பெனிகளுக்கும் அச்சகங்களுக்கும் சாஃப்ட்வேர் எழுதுகிறார்கள். அவர்களுக்கு டீம் லீடர் சுந்தரபாண்டி. வயது ஐம்பத்திரண்டு. நெற்றியில் விபூதி, சட்டைப் பையில் இரண்டு பேனா. கம்ப்யூட்டர் வேலைக்குப் பேனா எதற்கு என்று கேட்கக் கூடாது.

அவர் தொழில் தொடங்கியது சிவகாசியில், பட்டாசுப் பெட்டிக்கு லேபிள் அடிக்கும் ஓர் அச்சகத்தில். அங்கே ஒரு வழக்கம் உண்டு. அச்சேற்றுவதற்கு முன்னால் மாதிரித் தாள் ஒன்றை ஆர்டர் கொடுத்த பார்ட்டியிடம் நீட்டுவார்கள். பார்ட்டி அதன் மூலையில் ‘ஓகே’ என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். போட்டுவிட்டால் அப்புறம் ராக்கெட்டுக்குப் பதில் சங்குச்சக்கரப் படம் வந்தாலும் பிழை பார்ட்டி தலையில். அந்த ஓகேயின் வல்லமையைக் கண்டு இளம் வயதிலேயே அசந்துபோனவர் சுந்தரபாண்டி. கணக்கற்ற லேபிள்கள் அவர் கண்ணெதிரே ஓகே ஆயின. ஆனால் அந்த இரண்டெழுத்துக்கு முன்னால் வாசிப்பது என்று ஒரு சடங்கு இருப்பதை யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லையோ, சொல்லித் தந்த அன்று அவர் லீவோ, தெரியவில்லை.

சாஃப்ட்வேர் தொழிலிலும் கிட்டத்தட்ட இதே வழக்கம் இருக்கிறது. அதற்கு ரிவ்யூ என்று பெயர். ஒருவர் எழுதிய புரோகிராமை இன்னொருவர் வரி வரியாக வாசித்து, சரி என்று ஒப்புதல் கொடுத்த பிறகுதான் அது உள்ளே சேரும். நல்ல முறைதான். ஒரு கண்ணுக்குத் தப்பியது அடுத்த கண்ணில் மாட்டிக்கொள்ளும். யார் எழுதியது, யார் ஒப்புக்கொண்டது, எத்தனை மணிக்கு என்பதையெல்லாம் கம்ப்யூட்டர் பதிந்து வைத்துக்கொள்ளும். அந்த அலுவலகத்தில் பத்துப் பேர் எழுதுவார்கள். ஒருவர் ஒப்புக்கொள்வார். யார் என்று நான் சொல்ல வேண்டுமா?

சனிக்கிழமைதோறும் பதினோரு மணிக்கு இதைப் பற்றி அவர் வகுப்பு வேறு எடுப்பார். போர்டில் கொட்டை எழுத்தில் எழுதுவார்: சின்னச் சின்னதாக அனுப்பு. இருநூறு வரிக்கு மேல் அனுப்பாதே. சோதித்துப் பார்க்காமல் அனுப்பாதே. ஏன் மாற்றினாய் என்பதை மேலே எழுதி வை. வாசிக்கிறவன் அவசரப்படாதே. அத்தனையும் பொன்னான அறிவுரை. சென்னையில் பெரிய கம்பெனியிலிருந்து வந்திருந்த ஒருவர் அதைப் போட்டோ எடுத்துக்கொண்டு போனார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். வகுப்பு முடிந்ததும் நம்மவர் தன் நாற்காலிக்குத் திரும்பி, காத்துக்கிடந்த ஏழு ரிவ்யூக்களை டீ ஆறுவதற்குள் முடித்துவிடுவார்.

இப்படிச் சொல்வதால் அவர் குறையே சொல்லமாட்டார் என்று எண்ண வேண்டாம். பத்து வரி அனுப்பினால் பதினாலு குறை சொல்வார். இங்கே ஒரு இடைவெளி அதிகம், அங்கே ஒரு கமா குறைச்சல், இந்தப் பேரு எடுப்பா இல்லை, மாத்து. ஆயிரம் வரி அனுப்பினால்? ‘அருமை. பாத்தாச்சு.’ இந்த ரகசியத்தைப் பிள்ளைகள் ஒரு மாதத்தில் கண்டுபிடித்துவிட்டார்கள். விக்னேஷ்குமார் என்கிற பையன் ஒரு நாள் இரண்டாயிரம் வரிகளுக்கு நடுவில், ‘இந்த வரியை வாசிப்பவருக்கு என் செலவில் இரண்டு எண்ணெய்ப் பரோட்டாவும் சுக்காவும்’ என்று தமிழிலேயே எழுதி அனுப்பினான். இரண்டு நிமிஷத்தில் ஒப்புதல் வந்தது. மூன்று வருஷமாயிற்று. பரோட்டாவை இன்னும் யாரும் கேட்கவில்லை.

ஆனால் சுந்தரபாண்டிக்கு இந்த வருஷம் நிஜமாகவே பார்த்தாக வேண்டிய காரியம் ஒன்று வந்து சேர்ந்தது. ஒரே மகள் அருணாதேவிக்குக் கல்யாணம். மாப்பிள்ளை ஆமத்தூர், பெயர் சபரிநாதன், கப்பலில் வேலை. காடு கரையோடு வசதியான குடும்பம், கறாரான மாமியார், எல்லாம் திருப்தி. சிக்கல் தேதியில்தான். மாப்பிள்ளை அடுத்த வருஷம் ஜூலை பன்னிரண்டாம் தேதி கரை இறங்குகிறார், ஆகஸ்ட் பத்தாம் தேதி மறுபடி ஏறியாக வேண்டும். அந்த முறை தவறினால் அப்புறம் ஒரு வருஷம் கடல்தான். ஜூலை நடுவில் ஆடி பிறந்துவிடும். ஆடியில் நம் பக்கத்தில் யார் தாலி கட்டுவார்கள்? மாப்பிள்ளை இறங்குவதற்கும் ஆடி பிறப்பதற்கும் நடுவே ஐந்தாறு நாள். அதற்குள் ஒரு முகூர்த்தம் வாய்க்க வேண்டும். வாய்த்தால் கல்யாணம், வாய்க்காவிட்டால் காத்திருப்பு. வீட்டில் இதே பேச்சாக இருந்தது.

இந்த நேரத்தில்தான் கம்பெனிக்குப் புதிதாக ஒரு வேலை வந்திருந்தது. சிவகாசியில் ஓர் அச்சகம், தினம் ஒரு தாள் கிழிக்கிற காலண்டர் அடிக்கிறவர்கள். அடுத்த வருஷத்துத் தாள்களை இனி ஆள் வைத்துக் கோர்க்காமல் புரோகிராமே தயாரிக்க வேண்டும் என்றார்கள். இங்கிலீஷ் தேதி கொடுத்தால் தமிழ்த் தேதி, ராகுகாலம், முகூர்த்தம் எல்லாம் தானாக வந்து உட்கார வேண்டும். அந்த வேலை ரீனாவிடம் போனது.

ரீனா படு கெட்டிக்காரி. அம்மா டீச்சர், அப்பா டீச்சர், வீட்டில் தப்புக்கு மார்க் குறையும். ஆனால் வேதக்கார வீடு, ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர்கள். பஞ்சாங்கம் என்ற புத்தகத்தை அவள் தொட்டதே இந்த வேலைக்காகத்தான். தொட்டு, ஒரு மாதம் உட்கார்ந்து படித்து, மாதப் பிறப்பு எப்படி வருகிறது என்று தெரிந்துகொண்டாள். சூரியன் ஒரு ராசி விட்டு அடுத்த ராசிக்கு நகர்கிற நேரம் ஒன்று உண்டு. பொழுது அடைவதற்குள், அதாவது சூரியன் மறைவதற்குள், நகர்ந்துவிட்டால் அன்றைக்கே மாதம் ஒன்றாம் தேதி; அடைந்த பிறகு நகர்ந்தால் மறுநாள். நகர்கிற நேரங்களை அச்சகத்துக்காரர்கள் ஜோசியரிடம் வாங்கிக் கொடுத்துவிட்டார்கள். பொழுது அடைகிற நேரத்தை யாரும் கொடுக்கவில்லை. அவள் சாயங்காலம் ஆறு மணி என்று போட்டுக்கொண்டாள்.

போட்டுவிட்டுச் சும்மா இருக்கவில்லை. அந்த வரிக்கு மேலேயே எழுதினாள்: ‘எங்கள் வீட்டில் பஞ்சாங்கம் பார்ப்பதில்லை. பொழுது அடைவதை ஆறு மணி என்று வைத்திருக்கிறேன். வருஷம் முழுவதற்கும் இது சரியா என்று சந்தேகம். சார், தயவுசெய்து பார்த்துச் சொல்லுங்கள்.’ சித்திரை ஒன்று சரியாக வருகிறதா, தை ஒன்று சரியாக வருகிறதா என்று சோதித்தும் பார்த்தாள். வந்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரம் வரி. பதினொன்று இரண்டுக்கு அனுப்பினாள். பதினொன்று நாலுக்கு ஒப்புதல் வந்தது.

அந்தச் சந்தேகத்தை எண்ணெய்க் கடை வாசலில் மூட்டை இறக்குகிறவரிடம் கேட்டிருந்தால்கூட, ஆடி மாசத்துல ஆறு மணிக்கா பொழுது அடையும் தாயி, ஆறரை தாண்டும்ல என்று சொல்லியிருப்பார். சுந்தரபாண்டியும் சொல்லியிருப்பார். வாசித்திருந்தால்.

மே மாதம் அச்சக மேனேஜர் கண்ணுச்சாமி மாதிரிக் காலண்டரைக் கட்டாகத் தூக்கிக்கொண்டு வந்தார். நல்ல மனுஷர், பயந்த சுபாவம்.

“அண்ணாச்சி, ஒவ்வொரு தாளாப் பாத்திருங்க. லட்சக்கணக்குல அடிக்கிற சாமான். ஒரு நாள் தப்புனாலும் ஊரு சிரிச்சிரும்.”

“வச்சிட்டுப் போங்க கண்ணுச்சாமி. நம்ம பாக்காம எது போயிருக்கு?”

பார்த்தார். முந்நூற்றறுபத்தைந்து தாளில் ஒரு ஆறு தாளை மட்டும் வாழ்க்கையில் முதல்முறையாக விரல் வைத்துப் பார்த்தார். ஜூலை பன்னிரண்டு, ஒன்றுமில்லை. பதின்மூன்று, இல்லை. பதினாலு, பதினைந்து, பதினாறு, ம்ஹூம். ஜூலை பதினேழு: ஆனி 32. பக்கத்தில் பச்சை எழுத்தில் முகூர்த்த நாள்! மனுஷர் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். ஆடிக்கு முந்தின நாள், கடைசி முகூர்த்தம், அவருக்கென்றே எடுத்து வைத்தது மாதிரி. அந்தத் தாளை நைசாகக் கிழித்து மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, மீதிக் கட்டின் மேல் ஓகே போட்டார்.

மண்டபத்துக்கு அன்று சாயங்காலமே ஓடினார். சிவகாசி ரோட்டில் புதிதாகக் கட்டிய ஏ.சி. மண்டபம், சாதாரணமாக ஒரு வருஷத்துக்கு முன்னால் போனாலும் கெஞ்ச வேண்டும்.

“ஜூலை பதினேழா? ஆளே இல்லை, எடுத்துக்கங்க” என்றார் மண்டபக்காரர். அவரை ஒரு தினுசாகப் பார்த்துவிட்டு, “நாள் பாத்துத்தான வச்சிருக்கீக?” என்றார்.

“பாத்தாச்சு.”

“அப்ப உங்க பிரியம். வாடகையில பாதி குடுங்க, போதும்.”

சமையல்காரரும் அன்றைக்கு நாங்க சும்மாதேன் இருப்போம் என்றார். மேளக்காரரும் அதையே சொன்னார். எல்லோரும் ஒரே நாளில் சும்மா இருக்கிறார்களே, ஏன் என்று உங்களுக்குத் தோன்றுகிறது, எனக்குத் தோன்றுகிறது. சுந்தரபாண்டிக்குத் தன் சாமர்த்தியம் என்று தோன்றியது. அந்த வாரம் முழுக்க அலுவலகத்தில் அதே பெருமை. பேரம் பேசத் தெரியணும்லே, பேரம்!

பூ வைக்க வந்த அன்று மாப்பிள்ளையின் அம்மா வெள்ளைத்தாய் அந்த ஒற்றைத் தாளை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தாள்.

“ஆடி பொறக்குற அருகுல இருக்கே அண்ணாச்சி. மனசுக்கு ஒரு மாதிரியா இருக்கு. வேற காலண்டரு எதுவும் பாத்தீகளா?”

“அடுத்த வருசத்துக்கு வேற எவன் இன்னும் அடிச்சிருக்கான் சம்பந்தியம்மா? அதுவும் இது நம்ம கம்பெனி புரோகிராமு. நான் பாத்து ஓகே பண்ணுனாத்தேன் காலண்டர்ல தேதியே வரும்.”

இதற்கு மேல் ஒரு மனுஷி என்ன கேட்பாள்? தாம்பூலம் மாற்றிக்கொண்டார்கள். மாப்பிள்ளைக்குச் செய்தி போனது. அவர் டிக்கெட் போட்டுவிட்டார்.

ஜூலை வந்தது, இந்த வருஷத்து ஜூலை. ரீனாவுக்குச் சந்தேகம் மட்டும் தீரவே இல்லை. ஒப்புதல் வந்தது, பதில் வரவில்லையே. ஒரு நாள் ஆறு மணிக்கு வேலை முடிந்து பழைய பஸ் ஸ்டாண்டில் நிற்கிறாள். ஆறே காலுக்கு வர வேண்டிய பஸ் வரவில்லை. வெயில் கண்ணில் அடிக்கிறது. கைப்பையைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டு நின்றவளுக்கு, மணியைப் பார்த்ததும் திடுக்கென்றது. ஆறு இருபத்தைந்து. பொழுது அடையக் காணோம்!

மறுநாள் காலையில் அந்த ஒரு வரியை மாற்றினாள். ஆறு மணியை எடுத்துவிட்டு, அந்தந்த நாளில் சூரியன் மறைகிற நேரத்தை வைத்தாள். வருஷம் முழுக்க ஓட்டிப் பார்த்ததில் ஒரே ஒரு மாதம் மாறியது. வரும் ஜூலை பதினேழாம் தேதி சூரியன் ராசி மாறுவது ஆறு இருபத்தொன்றுக்கு. மறைவதோ ஆறே முக்காலுக்கு. ஆக, மாதம் அன்றைக்கே பிறந்துவிடுகிறது. சார் வகுப்பில் சொன்னபடியே மேலே காரணமும் எழுதினாள்: ‘ஜூலை 17 ஆனி 32 என்று வந்தது தவறு. ஆடி 1 என்பதே சரி. அன்று முகூர்த்தம் கிடையாது.’ அனுப்பியதோடு நிற்கவில்லை, நேரிலும் போய் அவர் மேஜை முன்னால் நின்றாள். கல்யாணத் தேதி அவளுக்குத் தெரியாது. பேரம் பேசிய பெருமையைச் சொன்னாரே ஒழிய, தேதியைப் பத்திரிகை அடித்த பிறகுதான் அலுவலகத்தில் சொல்வதாக இருந்தார் அவர்.

சுந்தரபாண்டி காதில் போன். மறுமுனையில் சமையல்காரர். காலைப் பந்திக்கு வடையா, போண்டாவா என்பது பற்றி முக்கால் மணி நேரமாக விவாதம்.

“சார், காலண்டர்ல ஒரு சின்னத் திருத்தம். பாத்துருங்க சார்.”

ஒரே ஒரு வரி. சின்னது என்றால் அவருக்கு விடத் தெரியாதே! போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு திரையை உற்றுப் பார்த்தார்.

“இதென்னம்மா, மறையும் நேரம்னு பேரு வச்சிருக்கே? நல்லாவா இருக்கு? அஸ்தமனம்னு மாத்து. எடுப்பா இருக்கும்.”

“மாத்திர்றேன் சார். ஆனா ஒரு முகூர்த்தத் தேதியே போகுது சார், அதான்...”

“போகட்டும்மா. வருசத்துக்கு ஐம்பது முகூர்த்தம் வருது, ஒண்ணு போனா குடியா முழுகிரும்? அன்னைக்குக் கல்யாணம் வச்சிருக்கவன் கவலைப்படட்டும். நம்ம வேலையைப் பாப்போம். ஏய், போண்டாவே போடப்பா, போண்டாவே போடு!”

அவள் பெயரை மாற்றி அனுப்பினாள். ‘அருமை. பாத்தாச்சு.’ தன் மகளுடைய முகூர்த்தத்தை ஒரு தகப்பன் தன் கையாலேயே அழித்துவிட்டு, அதற்கு நல்ல பெயரும் சூட்டி அனுப்பிவைத்தார். அன்று மத்தியானம் கண்ணுச்சாமி போன் செய்து, ஒரு தேதி மாறி வந்திருக்கே அண்ணாச்சி, அதையே அச்சுக்கு ஏத்திரலாமா என்று கேட்டதற்கும் அதே பதில்தான்.

கார்த்திகையில் காலண்டர்கள் வந்து இறங்கின. மேலே முருகன், கீழே கம்பெனி பெயர், மொத்தமான கட்டு. சுந்தரபாண்டிக்குப் பூரிப்பு தாங்கவில்லை. இருபத்தைந்து காலண்டரைத் துணிப்பையில் போட்டு, ஞாயிற்றுக்கிழமை காலையில் ஸ்கூட்டரில் வைத்து, ஆமத்தூருக்குத் தானே கொண்டுபோய்ச் சம்பந்தி வீட்டில் இறக்கினார். சொந்தபந்தம் எல்லாத்துக்கும் குடுங்க, நம்ம தயாரிப்பு!

வெள்ளைத்தாய் ஒன்றை எடுத்தாள். கல்யாண நாளில் மஞ்சள் தடவி வைக்க வேண்டும் என்று குழைத்த மஞ்சளும் கிண்ணமுமாக உட்கார்ந்து, தாள்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போய் ஜூலை பதினேழில் நின்றாள். மஞ்சள் விரல் அப்படியே நின்றது.

“அண்ணாச்சி. இங்கன வாங்க.”

“என்ன சம்பந்தியம்மா?”

“இது என்ன போட்டிருக்கு? நீகளே வாசிங்க.”

வாசித்தார். ஆடி 1. முகூர்த்தமும் இல்லை, பச்சை எழுத்தும் இல்லை, ஆடிப் பிறப்பு என்று கறுப்பில் போட்டிருந்தது.

“அச்சுப் பிழை சம்பந்தியம்மா. அச்சகத்துக்காரப் பயலுக இருக்கானுகளே...”

அடுத்ததை எடுத்தார். ஆடி 1. அதற்கடுத்ததும் ஆடி 1. இருபத்தைந்து காலண்டரையும் பிரித்துப் பார்த்தார் மனுஷர். ஒரு காலண்டர் பிழைத்திருக்காதா என்ற நப்பாசை. கண்ணுச்சாமிக்குப் போன் போட்டு, தன் பக்கம் நியாயம் இருப்பதை எல்லோரும் கேட்கட்டும் என்று சத்தத்தையும் கூட்டி வைத்தார்.

“ஏம்ப்பா கண்ணுச்சாமி, ஜூலை பதினேழு எப்படிப்பா ஆடி ஒண்ணாச்சு?”

“ஜோசியரும் அதைத்தான சொல்றாரு அண்ணாச்சி. முதல்ல வந்ததுதேன் தப்பு, நல்லவேளை திருத்தி அனுப்பிச்சீக. நான் போன்ல கேட்டேனே, நீக பாத்தாச்சுன்னீகளே!”

வெள்ளைத்தாய் விரலில் இருந்த மஞ்சளைக் கிண்ணத்தின் விளிம்பில் வழித்துவிட்டு எழுந்தாள்.

“ஆடி ஒண்ணாந்தேதி தாலி கட்டி எங்க வீட்டுக்குப் பொண்ணு வர வேணாம் அண்ணாச்சி. தம்பி அடுத்த தடவை எறங்கட்டும், அப்பப் பாப்போம். நாள் பாக்குறது இனிமே எங்க பொறுப்பு.”

திங்கட்கிழமை அலுவலகம் நடுங்கியது. எவன் மாத்துனது, எவனைக் கேட்டு மாத்துனது, இந்தத் தேதியைத் தொட்டவன் யாருன்னு எனக்கு இப்பவே தெரியணும்லே என்று மேஜையைத் தட்டினார். கம்ப்யூட்டரில் எல்லாம் பதிந்திருக்கும் என்று வகுப்பில் சொன்னவர் அவரேதான். ரீனா எழுந்து வந்தாள். வேலை போனதென்றே நினைத்தாள். ஆனாலும் திரையில் அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டினாள். தப்பாக எழுதியது ரீனா, ஒப்புக்கொண்டது சுந்தரபாண்டி. சரியாக மாற்றியது ரீனா, ஒப்புக்கொண்டது சுந்தரபாண்டி. அதற்குக் கீழே, அவளுடைய பழைய சந்தேகம். ‘சார், தயவுசெய்து பார்த்துச் சொல்லுங்கள்.’

அவர் அதை வாசித்தார். திரும்ப வாசித்தார். மூன்று வரியை வாசிக்க அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்ட டீம் லீடரை அந்தப் பிள்ளைகள் அதற்கு முன் பார்த்ததில்லை. திட்டுவதற்கென்று மூச்சை இழுத்துப் பிடித்து வந்தவர், அந்த மூச்சை அப்படியே விட்டுவிட்டார்.

“நீ போய் உக்காரும்மா” என்றார். வெட்கமாக இருந்தது. அந்தப் பெண் எழுதியும் கேட்டிருக்கிறாள், நேரில் வந்தும் நின்றிருக்கிறாள். தான் போண்டாவுக்கு ஒப்புதல் கொடுத்துக்கொண்டிருந்தோம் என்பது நினைவுக்கு வந்து, முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் பேனாவை எடுத்துத் திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

வீட்டில் இன்னும் ஒரு பஞ்சாயத்து பாக்கி இருந்தது. அருணாதேவி பேங்க்கில் வேலை பார்க்கிறவள், அதிகம் பேசமாட்டாள். கல்யாணம் ஒரு வருஷம் தள்ளிப் போகிறது என்று தகப்பன் தயங்கித் தயங்கிச் சொன்னதை முழுக்கக் கேட்டாள். அழுவாள் என்று அம்மா சேலைத் தலைப்போடு பக்கத்தில் தயாராக உட்கார்ந்திருந்தாள். அவள் அழவில்லை.

“தேதி போகட்டும்பா. நான் ஒண்ணு கேக்குறேன். அவரு கப்பல்ல என்ன வேலை பாக்குறாரு? எந்தக் கம்பெனி? யார்கிட்ட விசாரிச்சீங்க?”

சுந்தரபாண்டி வாயைத் திறந்தார். அந்தச் சொல் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது, முப்பது வருஷப் பழக்கமாயிற்றே. மகள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கஷ்டப்பட்டு விழுங்கினார்.

“விசாரிக்கலைம்மா” என்றார்.

“அப்ப ஒரு வருசம் கிடைச்சதும் நல்லதாப் போச்சு” என்று எழுந்தாள் அருணாதேவி. “நானே பாத்துக்கிறேன்.”

அவரை விடுங்கள் பாவம், மாட்டிக்கொண்டார். மாட்டிக்கொள்ளாதவர்கள்தான் இந்த இனத்தில் பெரும்பான்மை. அவர்கள் இந்த மாதிரி எழுத்தை வாசித்தால் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, அப்படியே எங்க ஆபீஸ் மேனேஜர்தான் என்று நாலு பேருக்கு அனுப்பியும் வைப்பார்கள். நீங்கள் அப்படியில்லை, தெரியும். நீங்கள் எதையும் வாசிக்காமல் சம்மதம் சொல்கிறவரே கிடையாது. இருந்தாலும் கேட்கிறேன். போன வாரம் நீங்கள் வெளியே கிளம்புகிற அவசரத்தில் வீட்டில் ஒரு தாளை நீட்டினார்கள். செருப்பைக் காலில் மாட்டிக்கொண்டே, காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனீர்கள்.

அது என்ன தாள்?